மின்னொளி கபடியில் நாய்ஸ் இல்லாமல் படம் எடுக்க

கோயில் கொடை சீசனும் பொங்கலும் வந்துவிட்டால் நம்ம நெல்லைப் பக்கம் ஊருக்கு ஊர் மின்னொளி கபடிதான். நாங்குநேரி, ராதாபுரம், சேரன்மகாதேவி எந்தப் பக்கம் போனாலும் சுவரில் போஸ்டர் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் நல்ல டீம்கள் களத்தில் இறங்கும், சில ஊர்களில் விடிய விடிய ஓடும். கேமரா வைத்திருக்கிற பசங்கள் ஆசையாகப் போய் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளிவிட்டு வருவார்கள், மறுநாள் கம்ப்யூட்டரில் திறந்தால் முகமெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி. "ஐஎஸ்ஓ கூடிப்போச்சுண்ணே, அதான் கிரெய்ன்ஸ்" என்பார்கள். ஐஎஸ்ஓவைக் குறை சொல்வதில்தான் தப்பே ஆரம்பிக்கிறது.

நாய்ஸ் எங்கிருந்து வருகிறது என்பதை ஒருதடவை மனசில் ஏற்றிக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம். ஒளி சென்சாரில் சீராக வந்து விழுவதில்லை, துணுக்குத் துணுக்காக, முன்னே பின்னேதான் விழுகிறது. முற்றத்தில் தூறல் போடும்போது பாருங்கள், முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைத்த மாதிரி இருக்கும், நல்லாப் பெய்த பிறகு தரை முழுக்க ஒரே ஈரம். சென்சாரிலும் அதே கதைதான். ஒளி கம்மியாக விழுந்தால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்குள்ளே ஏற்றத்தாழ்வு துருத்திக்கொண்டு தெரியும், அதுதான் நாய்ஸ். ஒளி நாலு மடங்கானால் படத்தின் சுத்தம் இரண்டு மடங்காகும், இது எந்தக் கம்பெனி கேமராவுக்கும் பொது. ஐஎஸ்ஓ என்பது ஏற்கெனவே விழுந்த ஒளியைப் பெருக்கிக் காட்டுகிற எண், அவ்வளவுதான். அதைக் குறைத்து வைப்பதால் ஒரு துளி ஒளிகூடக் கூடுதலாக உள்ளே வராது.

அதனால் ஐஎஸ்ஓவை 1600லேயே பிடித்து வைத்துக்கொண்டு, இருட்டடித்த படத்தை லைட்ரூம் மாதிரி எடிட்டிங் சாஃப்ட்வேரில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) தூக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதே அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), அதே ஷட்டரில் (ஒளி விழுகிற நேரம்) ஐஎஸ்ஓ 6400 வைத்து நேராக எடுத்திருந்தால் படம் அதைவிட மோசமாக வந்திருக்காது, பல கேமராக்களில் அதைவிடச் சுத்தமாகவே வந்திருக்கும். கேமராவின் மின்சுற்று தன் பங்குக்குச் சேர்க்கிற நாய்ஸ், உள்ளேயே பெருக்கும்போது கொஞ்சம் அடங்குகிறது, வெளியே வந்து தூக்கும்போது அதுவும் சேர்ந்து மேலே வந்துவிடுகிறது. 6400ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது இருட்டாக எடுப்பதற்குத்தான்.

சரி, ஒளியைக் கூட்டுவது எப்படி?

முதலில் லென்ஸ். கேமராவோடு வருகிற 18-55 கிட் லென்ஸை 55க்குத் தள்ளினால் எஃப் 5.6தான் கிடைக்கும், இந்த எஃப் எண் சின்னதாக ஆக லென்ஸின் திறப்பு பெரிதாகும். 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் விலை கம்மியாகவே கிடைக்கிறது, அது கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஊர்க் களத்தில் எட்டு, பத்து ஃபோகஸ் லைட் கட்டியிருந்தால், எஃப் 1.8, ஷட்டர் 1/500 செகண்ட், ஐஎஸ்ஓ 3200 என்று ஓரளவுக்கு ஒப்பேற்றிவிடலாம். அதே ஷாட்டை எஃப் 5.6ல் எடுக்க ஐஎஸ்ஓ 32000 பக்கம் போக வேண்டும். புது கேமரா உடம்புக்குப் பணம் சேர்க்கிற தம்பிமார்கள் முதலில் இந்த லென்ஸை வாங்குங்கள், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம். முழு ஃபிரேம் கேமராவின் சென்சார் சாதாரண கேமராவின் சின்ன சென்சாரைவிடப் பரப்பில் இரண்டேகால் மடங்குதான் பெரிசு, லென்ஸ் தருகிற பத்து மடங்குக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

கபடிக்கு இந்த 50 எம்எம் அளவெடுத்துத் தைத்த மாதிரி. களம் 13க்கு 10 மீட்டர்தான், ஒரு பாதி ஆறரை மீட்டர். கடைசிக் கோட்டுக்குப் பின்னால் மூலையில் தரையோடு தரையாக உட்கார்ந்தால் பாடி வருகிற ரைடர் நேராக உங்களைப் பார்த்துத்தான் வருவார். ஒன்று மட்டும் கவனம்: ஐந்து மீட்டர் தூரத்தில் எஃப் 1.8ல் ஃபோகஸில் நிற்கிற ஆழம் முக்கால் மீட்டர் தேறினால் அதிகம். ரைடர் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் பின்னால் மூலையில் நிற்கிற கார்னர் ஆட்டக்காரர் கலங்கித்தான் தெரிவார். எஃப் 2 அல்லது 2.2க்கு வந்தால் லென்ஸும் இன்னும் கூர்மையாகும், ஒளி இழப்பும் பெரிதில்லை.

ஹாக்கி, கிரிக்கெட் என்றால் தூரம் அதிகம், 50 எம்எம் எட்டாது, 85 எஃப் 1.8 அல்லது 70-200 எஃப் 2.8 வேண்டும். ஆனால் அங்கே லைட்டும் வேற லெவல். சங்கர்நகர் கிரவுண்டில் டிஎன்பிஎல் கிரிக்கெட் மேட்ச் நடக்கும்போது டிவிக்காகக் கட்டின வெளிச்சம் இருக்கும், எஃப் 2.8ல் 1/1000 வைத்தாலும் ஐஎஸ்ஓ 2000ஐ ஒட்டி நின்றுவிடும். உண்மையான சோதனை நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில்தான்.

அடுத்தது யாரும் செய்யாத ஒன்று. மேட்ச் ஆரம்பிக்கும் முன்னால், லைட் கட்டிக்கொண்டிருக்கும்போதே போய்விடுங்கள். ஆறு மணிக்கெல்லாம் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் கம்பம் நட்டு விளக்கை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். பாதி விளக்கு வானத்தைப் பார்த்தும், பாதி கூட்டத்தைப் பார்த்தும் இருக்கும். "அண்ணாச்சி, அந்த ரெண்டு லைட்டையும் கொஞ்சம் கீழே சாய்ச்சு நடுக்கோட்டுக்கு விடுங்க, படம் நல்லா வரும், உங்க ஊர்ப் பேரும் தெரியும்" என்று சொல்லிப் பாருங்கள், மாட்டேன் என்று சொல்கிற ஆள் நம்ம ஊரில் குறைவு. விழாக் கமிட்டியில் தெரிந்தவர் இருந்தால் ஒரு கம்பத்தை இரண்டடி உள்ளே நகர்த்தக்கூட வைக்கலாம். விளக்குக்கும் ஆளுக்கும் நடுவே தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. எந்த சாஃப்ட்வேரும் இந்த லாபத்தைத் தராது.

லைட் எரிந்ததும் ஒரு பையனைக் கூப்பிட்டு நாலு மூலையிலும் நடுக்கோட்டிலும் நிற்க வைத்து ஒவ்வொரு படம் எடுங்கள். ஒரே களத்தில் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் ஒரு ஸ்டாப் வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். வெளிச்சமான பாதி எது என்று தெரிந்துகொண்டு, அந்தப் பாதிக்குள் ரைடு வரும்போது முகம் தெரிகிற மாதிரி இடம் பிடியுங்கள். கம்பம் உங்கள் முதுகுக்குப் பின்னாலோ தோளுக்குப் பக்கத்திலோ இருக்கட்டும். எதிரே இருந்தால் ஓரத்தில் ஒளிக்கோடு அழகாக வரும், ஆனால் முகம் இருட்டில் போய்விடும், அதைத் தூக்கப் போனால் மறுபடியும் புள்ளி.

ஃபிளாஷ் வேண்டாம். 30 செகண்ட் ரைடில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆறேழு பேருக்கு நடுவே நிற்கிறவர் கண்ணில் அடிப்பது நியாயமில்லை, நடுவரும் விடமாட்டார்.

ஷட்டர் வேகம்

கபடி என்றாலே 1/1000 வேண்டும் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். பகலில் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரியில் அந்த வேகம் உங்கள் ஒளியில் பாதியைத் தின்றுவிடும். ஒரு ரைடை உன்னிப்பாகப் பாருங்கள். நடுக்கோட்டைத் தாண்டிப் பாடி வருகிறார், அடுத்திருக்கிற பாக் லைன் கோட்டைத் தாண்டுகிறார், போனஸ் கோட்டுப் பக்கம் ஒரு காலை நீட்டுகிறார், இன்னொரு கால் மேலே இருக்கிறது, உடம்பு பின்னுக்குத் திரும்பப் போகிறது. அந்தத் திரும்புகிற கணத்தில் உடம்பு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். டேஷ் அடிக்கிற, அதாவது ரைடரை இடித்து வெளியே தள்ளுகிற டிஃபெண்டர் பாயும் முன்னால் குனிந்து பதுங்குகிற இடமும் அப்படித்தான், கைப்பந்தில் ஸ்மாஷ் அடிக்க மேலே எழும்பினவர் உச்சியில் நிற்கிற இடமும் அப்படித்தான். அந்தக் கணத்தைப் பிடித்தால் 1/320 தாராளமாகப் போதும், 1/640ஐவிட இரண்டு மடங்கு ஒளி. கைவிரல் லேசாகக் கலங்கினால் கலங்கட்டும், முகம் நின்றுவிட்டால் படம் நின்றுவிடும். ரைடரை மூன்று பேர் சேர்ந்து அமுக்குகிற இடத்துக்கு மட்டும் 1/500, 1/640 வேண்டும்.

இது ஆட்டத்தைத் தெரிந்தவர்களுக்கே கைகூடும். எந்த ரைடர் வலது பக்கம் போவார், யார் போனஸுக்குக் காலை நீட்டுவார், எந்த கார்னர் கணுக்காலைப் பிடிப்பார் என்று முதல் பாதியைக் கேமரா இல்லாமல் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

கறுத்த முகமும் வெள்ளை பனியனும்

கேமராவை முழு மேனுவலில், எல்லா அளவையும் நீங்களே வைக்கிற மோடில் வையுங்கள். ராத்திரிக் களத்தில் பின்னணி கன்னங்கரேல் என்று இருக்கும், ஃபிரேமுக்குள் ஒரு விளக்கு வந்தால் பளிச்சென்று அடிக்கும், கேமராவின் மீட்டர் இரண்டுக்கும் நடுவே தடுமாறி ஒரு படத்தை வெளிற வைக்கும், அடுத்ததை இருட்டாக்கும். வெளிச்சம் ராத்திரி முழுக்க மாறப்போவதில்லை, சோதித்துப் பார்த்து ஒரு செட்டிங்கை வைத்தால் போதும்.

அந்த செட்டிங்கை எதை வைத்து முடிவு செய்வது? முகத்தை வைத்து. நம்ம பசங்கள் வெயிலில் காய்ந்த மாநிறமும் கறுப்பும்தான், தோல் திருப்பி அனுப்புகிற ஒளியே கம்மி. வெள்ளை பனியனின் நம்பர் வெளுத்து அழிந்துவிடக் கூடாது என்று எக்ஸ்போஷரைக் குறைத்தால் முகம் இருட்டுக்குள் போய், அங்கேதான் நாய்ஸ் குடியேறும். அப்புறம் கன்னத்தைத் தூக்கித் தூக்கிக் கடைசியில் ஊதா நிறத்தில் ஒரு முகம் வரும். முகம் சரியாக விழுகிற அளவுக்கு வைத்து, பனியனின் தோள்பட்டையும் நெற்றி வேர்வையின் பளபளப்பும் கொஞ்சம் வெளிறினால் விட்டுவிடுங்கள். படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் காட்டுகிற ஹிஸ்டோகிராம் வரைபடம் இடது சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பதைவிட வலது பக்கம் நகர்ந்திருப்பது நல்லது. வருஷம் முழுக்கத் தோட்டத்திலும் கடையிலும் வேலை பார்த்துவிட்டு, சாயந்திரம் புழுதியில் பயிற்சி எடுத்து, ஒரு ராத்திரி ஊர் பார்க்க ஆடுகிற பையன் அவன். அவன் முகம் தெளிவாக விழ வேண்டும், இந்த வேலையில் அதைவிட முக்கியம் எனக்கு வேறெதுவும் இல்லை.

விளக்கு துடிக்கிற சிக்கல்

தொடர்ச்சியாகப் பத்துப் படம் அடித்தால் நாலு வெளிச்சமாகவும் மூன்று மங்கலாகவும் மீதி மஞ்சளடித்தும் இருக்கிறதா? கேமரா கெட்டுப்போகவில்லை. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் செகண்டுக்கு 100 தடவை கூடிக் குறையும், கண்ணுக்குத் தெரியாது. 1/500ல் அந்தத் துடிப்பின் ஒரு துண்டு மட்டுமே படத்தில் மாட்டும். பள்ளத்தில் மாட்டிய படம் இருட்டு, இருட்டைத் தூக்கினால் நாய்ஸ். பெரிய ஸ்டேடியத்தில் விளக்குகளை மின்சாரத்தின் மூன்று ஃபேஸிலும் பிரித்துக் கட்டுவதால் ஒன்று குறையும்போது இன்னொன்று கூடி ஈடுகட்டிவிடும். ஊரில் ஒரு ஜெனரேட்டர், ஒரே ஃபேஸ், எல்லா விளக்கும் ஒன்றாகத் துடிக்கும். மெட்டல் ஹாலைடு விளக்கிலும் மலிவான டிரைவர் போட்ட எல்.இ.டி.யிலும் இது நன்றாகவே தெரியும்.

போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பார்த்தால் துடிப்பு உடனே தெரிந்துவிடும். கேமராவில் ஆன்ட்டி-ஃபிளிக்கர் இருந்தால் போட்டுவிடுங்கள், 2014ல் வந்த கேனான் 7டி மார்க் 2 தொடங்கி இப்போது நிறைய கேமராக்களில் இருக்கிறது. அது விளக்கு உச்சத்துக்கு வரும் கணம் பார்த்து ஷட்டரைத் திறக்கும், தொடர் ஷாட்டின் வேகம் கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை. அது இல்லாத கேமராவில் மூன்று நாலு படமாகச் சேர்த்து அடித்து வெளிச்சமானதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை நிறுத்திவிட்டு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும்.

பழைய மஞ்சள் சோடியம் விளக்கு மட்டும் இருக்கிற இடம் என்றால் அதில் நீல ஒளியே இல்லாத மாதிரிதான். வெள்ளையாக்கப் போய் நீலச் சேனலை இழுத்துப் பெருக்கினால் நாய்ஸ் முழுக்க அதிலிருந்துதான் கொட்டும். கொஞ்சம் மஞ்சளாகவே விடுங்கள், இல்லையா, கறுப்பு வெள்ளைக்கு மாற்றிச் சிவப்பையும் பச்சையையும் கூட்டி நீலத்தைக் குறையுங்கள். சுத்தமாகிவிடும்.

கிராப்பைப் பற்றி ஒரு வரி: ஃபிரேமில் கால்வாசிப் பரப்பில் இருக்கிற ஆளை வெட்டிப் பெரிதாக்கினால் நாய்ஸும் சேர்ந்து பெரிதாகும். கிட்டே போங்கள்.

எடுத்து முடித்த பிறகு

ராவில், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற கோப்பாக எடுங்கள். கேமராவுக்குள் இருக்கிற ஹை ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்ஷன் ஜேபெக்கை மட்டும்தான் தொடும், அதுவும் முகத்தை மெழுகிவிடும், ஜேபெக்கிலேயே எடுத்தாக வேண்டும் என்றால் அதைக் குறைந்த அளவில் வையுங்கள்.

முதலில் தேர்வு. ஆயிரம் படத்தையும் சுத்தம் பண்ண உட்கார்ந்தால் மடிக்கணினி திணறிவிடும், நாய்ஸை நீக்குகிற இந்த ஏ.ஐ. டீநாய்ஸ் எல்லாம் கிராஃபிக்ஸ் கார்டை நம்பி ஓடுகிற வேலை, பழைய மெஷினில் ஒரு படத்துக்கே சில நிமிஷம் ஆகும். நல்ல முப்பது நாற்பதை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். லைட்ரூமில் 2023 ஏப்ரலில் டீநாய்ஸ் வந்தது, டிஎக்ஸ்ஓவின் டீப்பிரைம் அதற்கு முன்பே இருக்கிறது. காசு கொடுக்க முடியாதென்றால் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம், டார்க்டேபிளில் 'டீநாய்ஸ் ப்ரொஃபைல்டு' என்கிற மாட்யூல் உங்கள் கேமரா மாடலின் நாய்ஸைத் தெரிந்து வைத்துக்கொண்டே வேலை செய்யும், ஏ.ஐ. இல்லாமலேயே நல்ல முடிவு தரும்.

லைட்ரூம் டீநாய்ஸில் 50ல் வந்து நிற்கும், அப்படியே ஓகே கொடுத்துவிடாதீர்கள். 30, 40ல் முகத்தை வைத்துப் பாருங்கள், தோலின் சொரசொரப்பும் தாடி மயிரும் நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள். ஏ.ஐ. சிலசமயம் இல்லாததையும் வரைந்துவிடும். பின்னால் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தின் முகங்களையும் பனியனில் இருக்கிற ஊர்ப்பெயர் எழுத்தையும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள், 'ண' ஒன்று 'ன' மாதிரிக் குழைந்து நின்றால் அளவைக் குறைக்க வேண்டும். பத்திரிகைக்குக் கொடுக்கிற படத்தில் இதில் இன்னும் கண்டிப்பாக இருங்கள்.

பழைய ஸ்லைடர்தான் இருக்கிறது என்றால் முதலில் கலர் நாய்ஸை இழுங்கள், 25லிருந்து 40 வரை போனாலும் படத்துக்குப் பெரிய கெடுதல் வராது. கண்ணை உறுத்துவது அந்தச் சிவப்பு, பச்சைப் புள்ளிகள்தான், அவை போய்விட்டால் மீதி இருக்கிற கறுப்பு வெள்ளைப் புள்ளி பழைய பிலிம் கிரெய்ன் மாதிரி, பார்க்க நன்றாகவே இருக்கும். அந்தக் கறுப்பு வெள்ளைப் புள்ளியைக் குறைக்கிற லூமினன்ஸ் ஸ்லைடரை 20, 30க்கு மேல் இழுக்க வேண்டாம். ஷார்ப்னிங்கைக் குறைத்து, மாஸ்கிங் ஸ்லைடரை ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டே நகர்த்துங்கள், முகத்தின் விளிம்பும் பனியன் விளிம்பும் மட்டும் வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் விட்டால், வெறும் வானத்தைக் கூர்மையாக்குகிற வேலை நின்றுவிடும்.

நம்ம செம்மண் களத்தில் மூன்றாவது மேட்சிலேயே புழுதி எழும்பி விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் திரை மாதிரி நிற்கும். படம் வெளுத்துத் தெரிகிறதே என்று டீஹேஸ், கிளாரிட்டி, டெக்ஸ்சர் மூன்றையும் ஏற்றினால், சுத்தம் பண்ணி அடக்கின நாய்ஸ் எல்லாம் எழுந்து வந்துவிடும். டீஹேஸ் ஐந்து, பத்துக்கு மேல் போகாமல், பிளாக்ஸைக் கீழே இறக்குங்கள். ராத்திரி வானமும் கூட்டத்துக்குப் பின்னால் இருக்கிற வேலியும் கறுப்பாகவே இருக்கட்டும், அங்கே யாரும் எதையும் தேடப்போவதில்லை. ஆளுக்கு ஒரு மாஸ்க், பின்னணிக்கு ஒரு மாஸ்க் என்று பிரித்து, பின்னணிக்கு மட்டும் நாய்ஸ் ரிடக்ஷனை அழுத்திப் போட்டால் ரைடர் அப்படியே தனியாகத் தூக்கி நிற்பார்.

அப்புறம், 200 சதவீதத்தில் வைத்துப் பார்த்து மனசை உடைத்துக்கொள்ளாதீர்கள். 6000க்கு 4000 பிக்சல் படத்தை 1500க்கு 1000 ஆகச் சுருக்கினால் பதினாறு பிக்சல் ஒன்றாகக் கலக்கிறது, நாய்ஸ் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். வாட்ஸ்அப்பில் போகிற படத்துக்கு அந்த அளவே போதும், நீங்களே சுருக்கி டாக்குமென்டாக அனுப்புங்கள், அதன் கையில் விட்டால் இருட்டுப் பகுதியைக் கட்டம் கட்டமாக்கிவிடும். ஜெயித்த டீமுக்கு அடிக்கிற ஃப்ளெக்ஸ் பத்தடி இருந்தாலும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றுதான் பார்க்கப்போகிறார்கள், அதில் நாய்ஸ் தெரியவே தெரியாது. ஆல்பத்துக்கு மட்டும் கொஞ்சம் மெனக்கெடுங்கள்.

போனில்தான் எடுக்க முடியும் என்கிறவர்கள் நைட் மோடை அணைத்துவிடுங்கள், அது பல படங்களைச் சேர்த்து ஒட்டுவதால் ஓடுகிற ஆளுக்கு நாலு கை முளைக்கும். ப்ரோ மோடில் மெயின் கேமராவில் 1/250 வைத்து, ஜூம் பண்ணாமல் கோட்டுக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

ராவ் கோப்புகளை ஹார்ட் டிஸ்கில் இடமில்லை என்று அழித்துவிடாதீர்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் எடுத்துத் தேறாது என்று ஒதுக்கிய ராவ் இருந்தால் இன்றைக்கு ஒரு டீநாய்ஸில் போட்டு எடுத்துப் பாருங்கள், அப்போது முகமே தெரியாத ரைடரின் கண் தெரியும். அவர் இப்போது அதே ஊரில் கடை வைத்திருப்பார், ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.